ஸ்டிகண்டின் பெயர் இல்லாத முடிசூட்டு: ஒரு தையல் பொதியின் மதிப்பாய்வு

பெட்டியின் மூடியில் “கடைசி ஆங்கிலோ-சாக்சன் அரசன்” என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே 45 சென்ரிமீற்றர் உயரமும் 55 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள லினன் துணி, எட்டு நிறக் கம்பளி நூல், இரண்டு ஊசி, பதினாறு பக்கக் கையேடு. 1066 ஜனவரி 6ஆம் திகதி இங்கிலாந்தின் அரசனாக ஹரோல்ட் முடிசூடி அரியணையில் இருக்கும் காட்சியைத் துணியில் கோடாக வரைந்து தந்திருக்கிறார்கள். வலக்கையில் செங்கோல், இடக்கையில் சிலுவை வைத்த உருண்டை, பக்கத்தில் கைகளை விரித்தபடி ஒரு பேராயர். யாழ்ப்பாணத்துக் கடைகளில் இது கிடைக்காது. இங்கிலாந்தில் இருக்கிற சொந்தக்காரரைக் கொண்டுதான் எடுப்பிக்க வேண்டும். எடுப்பிக்கலாமா என்றால், எடுப்பிக்கலாம். துணியும் நூலும் முதல்தரம். ஊசி பிழை. கையேட்டில் தையல் பகுதி பாதி சரி, வரலாற்றுப் பகுதி நம்பத் தக்கதல்ல. எல்லாவற்றிலும் பெரிய குறை அந்தப் பேராயர் ஸ்டிகண்டின் பெயரை விட்டது. அதற்குப் பிறகு வருவோம்.

ஊசி ஏன் பிழைத்தது என்பதற்குக் காரணம் பெயர்க் குழப்பம். இந்தக் காட்சியின் மூலத்தை உலகம் பையூ திரைச்சீலை என்று அழைக்கிறது. ஆனால் அது தறியில் படம் நெய்த திரை அல்ல. ஒன்பது லினன் துண்டுகளைப் பொருத்தி, அதன்மேல் கம்பளி நூலால் தைத்த பூவேலை. நீளம் ஏறத்தாழ 68 மீற்றர், உயரம் 50 சென்ரிமீற்றர் அளவு. ஹரோல்டைப் போரில் வென்ற நோமண்டிக் கோமகன் வில்லியத்தின் தாய்வழித் தம்பியும் பையூ நகர ஆயருமான ஓடோ அதைச் செய்வித்தார், தைத்தவை இங்கிலாந்துக் கைகள் என்பதே பெரும்பாலான ஆய்வாளரின் கருத்து. பொதி செய்தவர்கள் “திரைச்சீலை” என்ற சொல்லை நம்பி, கட்டத்துணியில் தைக்கிற மொட்டை நுனி ஊசியை வைத்துவிட்டார்கள். நெருங்கி நெய்த லினனை அது துளைக்காது, இழையைத் தள்ளி ஓட்டையைப் பெருப்பிக்கும். கோட்டுத் தையல் அலையலையாக வரும். கூர்நுனியும் நீண்ட கண்ணும் உள்ள 22ஆம் இலக்க ஊசி வேண்டும். நகரத்தில் தையல் சாமான் விற்கும் கடையில் கேட்கும்போது நூல் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கோர்த்துப் பார்த்தே வாங்குங்கள். கண் சிறிதானால் ஒவ்வொரு குத்துக்கும் கம்பளி தேய்ந்து மெலியும்.

இனித் தையல். மூலத்தில் அடிப்படையாக இரண்டு வகை. எல்லைக் கோட்டுக்கும் எழுத்துக்கும் காம்புத் தையல். உடுப்பு, அரியணை, தூண் போன்ற பரப்புகளுக்குப் படுக்கை நிரப்பல். முதலில் எல்லாக் கோட்டையும் காம்புத் தையலில் முடித்துவிடுங்கள். அச்சிட்ட நீலக்கோடு கழுவினாலும் போகாது, ஆகவே தையல் அதற்குப் பக்கத்தில் அல்ல, அதன் மேலேயே விழவேண்டும். நூலை 45 சென்ரிமீற்றருக்கு மேல் வெட்டக்கூடாது. நீளமாக வெட்டினால் கோர்க்கும் தடவை குறையும் என்று தோன்றும். ஆனால் லினனுக்குள் நாற்பது ஐம்பது தடவை போய்வந்த கம்பளி பஞ்சாகிவிடும்.

படுக்கை நிரப்பலில்தான் முக்கால்வாசிப் பேருக்குப் பிழைக்கும். பரப்பின் ஒரு ஓரத்தில் மேலே வந்து, மற்ற ஓரத்தில் கீழே இறங்கி, இறங்கிய இடத்துக்கு ஒட்டியே மறுபடி மேலே வரவேண்டும். துணியைத் திருப்பினால் பின்பக்கம் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னப் புள்ளியாக நூல் தெரிய வேண்டும். பழக்கதோஷத்தில் பலர் சாதாரண நிரப்பல் போல, நூலைப் பின்னால் கொண்டுபோய் முதல் ஓரத்திலிருந்தே திரும்பவும் தொடங்குவார்கள். முன்பக்கம் பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் இந்த நூலுக்கு ஒரு சதுர சென்ரிமீற்றரைச் சரியான முறையில் நிரப்ப ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் போதும். பின்னால் சுற்றினால் 25 ஆகும். ஹரோல்டின் மேலங்கி மட்டும் 40 சதுர சென்ரிமீற்றர். சரியாகத் தைத்தால் 6 மீற்றர், பிழையாகத் தைத்தால் 10 மீற்றர். பொதியில் அந்த நிறம் 8 மீற்றர்தான் இருக்கிறது. நூல் காணாது என்ற முறைப்பாட்டின் வேர் பெரும்பாலும் இதுதான். கையேடு இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது, படம் கூட இல்லை.

படுக்கை நூல் முடிந்ததும் அதற்குக் குறுக்கே 4 மில்லிமீற்றர் இடைவெளியில் தனி நூல்களை இழுத்து, ஒவ்வொன்றையும் 4 மில்லிமீற்றருக்கு ஒரு சிறு குத்தால் கட்டவேண்டும். அடுத்த வரியின் கட்டு முந்திய வரியின் இரண்டு கட்டுக்கு நடுவில் விழட்டும், செங்கல் அடுக்கு மாதிரி. கட்டுகள் ஒரே நேரில் விழுந்தால் துணியில் பள்ளக்கோடு விழும். கையேடு 8 மில்லிமீற்றர் இடைவெளி சொல்கிறது. அது வேலையைக் குறைக்கும், ஆனால் அப்படிக் கட்டிய மேலங்கி தொங்கவிட்ட சில மாதத்தில் தளர்ந்து நூல் வளையும். வட்ட வளையம் பாவிக்க வேண்டாம். அது முடிந்த பரப்பை நசுக்கும். நாலு சட்டம் அடித்த பிரேமில் துணியை மேளத்தோல் போல இழுத்துக் கட்டினால், இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும்.

முகத்தையும் கையையும் நிரப்பக்கூடாது. மூலத்தில் தோல் எல்லாம் வெறும் லினன்தான். மூக்கு, கண், விரல் கோடாக மட்டும் இருக்கும். பொதியில் வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரு நூல் தந்து முகத்தை நிரப்பச் சொல்கிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். நிரப்பினால் ஹரோல்டின் முகம் தடித்துப் பொம்மை மாதிரி ஆகிவிடும். கோட்டில் விட்டால் அந்த நேர்ப்பார்வை அப்படியே வரும்.

இங்கேயே வாங்கிய நூலால் ஈடுசெய்ய நினைப்பவர்களுக்கு: பின்னல் வேலைக்கு விற்கிற அக்ரிலிக் ஊல் சரிவராது. அது இழுபடும், விட்டதும் சுருங்கும், படுக்க வைத்தால் பரப்பு கூனும். எழுத்தைப் பழகிப் பார்க்க ஆறு இழைப் பருத்தி நூலில் இரண்டு இழை போதும்.

எழுத்துகள் 12 மில்லிமீற்றர் உயரம். காட்சியைப் பாதி அளவுக்குக் கொஞ்சம் மேலாகச் சுருக்கியிருக்கிறார்கள், நூலின் தடிப்பைச் சுருக்கவில்லை. அதனால் வளைவுகளில் தையல் 2 மில்லிமீற்றருக்குள் வரவேண்டும்; இல்லாவிட்டால் வட்ட எழுத்து பெட்டியாகும். வரி இது: ஹிக் ரெசிடெட் ஹரோல்ட் ரெக்ஸ் அங்லோரும். இங்கே ஆங்கிலேயரின் அரசன் ஹரோல்ட் வீற்றிருக்கிறான். லத்தீனில் 27 எழுத்து. அதில் ரெக்ஸ் என்ற மூன்றெழுத்தை நிதானமாகத் தையுங்கள். அரசன் என்று அர்த்தம். வென்ற பிறகு நோமானியர், அதாவது வில்லியத்தின் ஆட்கள், ஹரோல்டை அரசன் என்று எழுதுவதையே தவிர்த்தார்கள். 1086இல் நாட்டையே அளந்து எழுதிய டூம்ஸ்டே பதிவேடு அவனைப் பெரும்பாலும் ஏர்ல் என்றே, அரசனுக்குக் கீழான பிரபு என்றே, குறிக்கிறது. பழைய உரிமையைச் சொல்லும்போதும் ஹரோல்டுக்கு முன் ஆண்டவனை வைத்து “எட்வேர்ட் அரசன் காலத்தில்” என்றுதான் எழுதும், ஹரோல்டின் ஒன்பது மாதத்துக்குமேல் நீண்ட ஆட்சி கணக்கிலேயே இல்லாதது போல. துணியோ இங்கேயும் ரெக்ஸ் என்கிறது, கடைசியில் அவன் விழுந்து சாகும் இடத்திலும் ரெக்ஸ் என்கிறது. யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலி குமாரனின் கதை யார் எழுதியதில் எப்படி வருகிறது என்று அறிந்த நல்லூர்ப் பக்கத்து வாசகருக்கு இந்த மூன்றெழுத்தின் பாரம் உடனே பிடிபடும்.

கையேட்டின் வரலாற்றுப் பகுதி அரியணைக்கான உரிமைப் போட்டியைக் குழப்பித் தள்ளியிருக்கிறது. நம் முறையில் சொன்னால் இலகு. பிள்ளையில்லாமல் 1066 ஜனவரி 5ஆம் திகதி இறந்த எட்வேர்டின் தாய் எம்மா, நோமண்டிப் பெண். எம்மாவின் சகோதரன் இரண்டாம் ரிச்சர்ட், எட்வேர்டுக்குத் தாய்மாமன். அவரின் மகன் ரொபர்ட் மச்சான். ரொபர்ட்டின் மகன் வில்லியம், மருமகன் முறை. ஹரோல்ட் எட்வேர்டின் மனைவி ஈடித்தின் சகோதரன். அவனும் மச்சான்தான், ஆனால் அரச இரத்தம் இல்லை. அவனுக்கு இருந்தது 1053 முதல் வெசெக்ஸ் ஏர்ல் பதவி, மரணப் படுக்கையில் எட்வேர்ட் சொன்ன சொல், பெரியோர் சபையின் தெரிவு. வில்லியத்துக்கு இருந்தது முன்னரே தனக்கு வாக்குத் தந்ததாகச் சொன்ன உரிமையும், ஹரோல்ட் புனிதப் பேழைகளில் கைவைத்துச் செய்த சத்தியமும். நோர்வேயின் ஹரால்ட் ஹர்ட்ராடா, முந்திய அரசர் இருவருக்கிடையிலான உடன்படிக்கையைக் காட்டிக் கேட்டான். இரத்தத்தால் மிக நெருங்கியவன் எட்கர், எட்வேர்டின் வேறு தாய்க்குப் பிறந்த தமையன் எட்மண்டின் பேரன், சிறுவன். கையேட்டில் எட்கரின் பெயரே இல்லை. ஹரோல்ட் விழுந்த ஹேஸ்டிங்ஸ் போருக்குப் பிறகு லண்டனில் அவனை அரசனாகத் தெரிந்தெடுத்தார்கள். முடிசூட்டு நடக்கவில்லை, சில கிழமைக்குள் பணிந்தான். மூடியில் உள்ள தலைப்பை ஏற்பவர்கள், முடிசூடிய கடைசி ஆள் என்ற பொருளில்தான் ஏற்கவேண்டும்.

திகதிகளிலும் ஒரு பிழை. முடிசூடிய அன்றே வால்வெள்ளி தோன்றியது போல எழுதியிருக்கிறார்கள். துணியில் இரண்டும் அருகருகே இருப்பதால் வந்த மயக்கம் அது. வால்வெள்ளி தெரிந்தது ஏப்ரல் 24ஐ ஒட்டி, ஏறத்தாழ ஒரு கிழமை. நோர்வேப் படையை ஸ்டம்ஃபோர்ட் பிரிட்ஜில் ஹரோல்ட் முறியடித்தது செப்டெம்பர் 25. வில்லியம் பெவென்சியில் இறங்கியது 28. ஹேஸ்டிங்ஸ் ஒக்டோபர் 14. வடக்கே நடந்த போர் மூலத் துணியில் இல்லவே இல்லை என்பதையும் கையேடு சொல்லியிருக்க வேண்டும். அது தெரியாமல் பார்ப்பவர், களைத்த படையோடு ஏன் அவன் போருக்கு நின்றான் என்று விளங்காமல் போவார்.

இனி அந்தப் பெயர். அரியணைக்குப் பக்கத்தில் நிற்பவர் கன்ரபரிப் பேராயர் ஸ்டிகண்ட். மூலத்தில் அவர் பெயரும் பதவியும் எழுதியிருக்கிறது. பொதியில் உருவம் இருக்கிறது, எழுத்தை எடுத்துவிட்டார்கள். கையேடு “ஒரு பேராயர்” என்கிறது. இந்தக் காட்சியில் அரசியல் இருப்பதே அந்தப் பெயரில்தான். முன்னைய பேராயர் உயிரோடு இருக்கும்போதே 1052இல் அந்தப் பதவிக்கு வந்தவர், வின்செஸ்டர் ஆயர் பதவியையும் விடாதவர், ரோமாபுரி ஏற்காதவர். அவர் முடிசூட்டினார் என்றால் முடிசூட்டே செல்லாது என்று வாதிடலாம். நோமானிய எழுத்தாளர் அதைத்தான் சொன்னார்கள். 12ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தோ முடிசூட்டியவர் யோர்க் பேராயர் ஈல்ட்ரெட் என்கிறது. அதே வருட நத்தார் தினத்தில் வில்லியம் தனக்கு முடிசூட்ட அழைத்ததும் ஈல்ட்ரெட்டைத்தான். ஒரே காட்சிக்குள் ஹரோல்டை அரசன் என்று ஒப்புக்கொண்டு, பக்கத்தில் ஸ்டிகண்டை நிறுத்திப் பெயரும் எழுதியவர்கள் விபரம் தெரிந்தவர்கள்.

பராமரிப்புக்கு இரண்டு சொல். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தன்மை உள்ளது. சவர்க்காரத்தோடு சேர்ந்தால் கம்பளியில் வெள்ளைப் படிவு நிற்கும். கழுவத்தான் வேண்டுமென்றால் மழைத்தண்ணீரில், சூடில்லாமல், முதலில் சிவப்பு நூலை ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்துவிட்டு. நிழலில் விரித்து உலரவிட்டு, தடித்த துவாயின் மேல் கவிழ்த்துப் பின்பக்கத்தால் அயன் பண்ணுங்கள். கண்ணாடி துணியைத் தொடாதபடி சட்டத்துக்குள் மெல்லிய கட்டை வைத்து அடிப்பியுங்கள். மாரியில் கண்ணாடியோடு ஒட்டிய கம்பளி பூஞ்சணம் பிடிக்கும். மிச்ச நூலைக் காய்ந்த வேப்பிலையோடு பனையோலைப் பெட்டியில் போட்டுவைத்தால் பூச்சி அண்டாது.

பெயரை நீங்களே சேர்க்கலாம். பேராயரின் தலைக்கு மேல் வெறும் லினன் இருக்கிறது. ஸ்டிகண்ட் என்பதற்கு லத்தீனில் ஏழு எழுத்து, கடைசி எழுத்து இன்று எழுதுவது போல டி அல்ல, ரீ. கீழ் வரியில் ஆர்க்கிஎப்ஸ், எட்டு எழுத்து. பேராயர் என்பதன் சுருக்கம், அதற்குமேல் ஒரு சிறு கிடைக்கோடு. மொத்தம் பதினைந்து. கடும்நீல நூல் பொதியில் 3 மீற்றர் மிஞ்சும், இதற்கு 2 மீற்றர் காணும். பென்சிலால் மெதுவாக வரைந்துவிட்டு, மற்ற எழுத்தின் அதே 12 மில்லிமீற்றர் உயரத்தில் தையுங்கள்.