பி.ஏ. அரசியல் அறிவியல்: கூடலூரிலிருந்து போய்ப் படித்த மூன்று வருடம்

சேரலாமா என்று எங்க ஊர்த் தங்கச்சிகள் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். நான் படித்தது ஊட்டியில். விடியற்காலை பஸ், நடுவட்டம் தாண்டும்போது பனியில் ரோடே தெரியாது.

இந்திய அரசியலமைப்பு வகுப்புக்காகவே சேரலாம். ஒன்பதாவது அட்டவணை (அடிப்படை உரிமையை மீறுகிறது என்று கோர்ட் தள்ளிவிடாமல் காக்க, சட்டங்களைச் சேர்த்து வைக்கும் பட்டியல்) நடத்திய அன்று மேடம் புத்தகத்தை மூடிவிட்டு, "கூடலூர்ப் பிள்ளைங்க யாரும்மா?" என்றார். கையைத் தூக்கினேன். "உங்க ஊர் நிலம்தான் இன்னிக்குப் பாடம்." பரம்பரை நில உடைமையான ஜென்ம எஸ்டேட்டுகளை ஒழிக்க வந்த 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், பிறகு அதை அந்த அட்டவணையில் சேர்த்தது, கடைசியில் 2007-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன கொய்லோ தீர்ப்பு. 24.4.1973-க்குப் பிறகு அட்டவணைக்குள் போன சட்டமானாலும், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது திருத்தம் கொண்டுவந்தும் அழிக்க முடியாத அதன் அடித்தளக் கொள்கைகளைக் குலைத்தால் செல்லாது என்று போர்டில் எழுதி அடிக்கோடிட்டார். பட்டா பட்டா என்று அப்பா காலமெல்லாம் அலைந்தது எதனால் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து அவருக்கு முழுதும் சொன்னேன். ரெண்டு தடவை கேட்டார்.

மேலைநாட்டு அரசியல் சிந்தனை வேதனை. பிளேட்டோவிலிருந்து மார்க்ஸ் வரை ஆங்கிலத்தில் டிக்டேஷன்தான். ரூசோ சொன்ன பொதுவிருப்பம் என்றால் என்ன சார் என்று கேட்டேன். "நோட்ஸ்ல இருக்கு, படிங்க." தமிழ்வழியில் வந்த நாங்கள் கைடை மனப்பாடம் செய்து பாஸானோம். அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை.

பொது நிர்வாகம் பரவாயில்லை.

சேர்ந்தால் அரசியலமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பை முதல் மாதமே வாங்கிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேடத்தைப் பாருங்கள், டிபன் பாக்ஸை ஓரம் வைத்துவிட்டுச் சொல்லித்தருவார்.