ஆன்லைன் ஜெர்மன் வகுப்பு: போனைப் பூட்டுவதா, வாயைத் திறக்க வைப்பதா?

போனில் ஏ1 (தொடக்க நிலை) ஜெர்மன் படிப்பவர்கள் வகுப்பிலிருந்து நழுவுவது பெரும்பாலும் அகராதி வழியாகத்தான். ஜெர்மனில் பொருள்களுக்கும் பால் உண்டு; மேசை ஆண்பாலா பெண்பாலா என்று பார்க்க ஜூமை விட்டு வெளியே வந்தால், அங்கே வாட்ஸ்அப் காத்திருக்கும். திரும்புவதற்குள் பயிற்சி முடிந்திருக்கும்.

டூ நாட் டிஸ்டர்ப் சத்தத்தைத்தான் அடக்கும். திரையை மேலிருந்து இழுத்தால் வந்ததெல்லாம் வரிசையாக நிற்கும். இழுக்காத பிள்ளைக்கு அது தேவையே இல்லை.

ஆண்ட்ராய்டின் ஃபோகஸ் மோடு பரவாயில்லை: தேர்ந்தெடுத்த ஆப்கள் சாம்பல் நிறமாகி, திறக்காது. ஆனால் 5 நிமிட இடைவேளை எடுக்க அதிலேயே வழி உண்டு. குரோமைச் சேர்க்க மறந்தால் யூடியூப் அந்த வழியாக வரும். சேர்த்தால் இணைய அகராதியும் போச்சு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு, போனை ஒரே ஆப்பில் பூட்டி வைக்கும் ஆப் பின்னிங்தான் சரி. செட்டிங்ஸில் 'பின்' என்று தேடி அதை ஆன் செய்யுங்கள். விடுவிக்க பின் நம்பர் கேட்கும் வசதியையும் சேர்த்து. பிறகு ஜூமைத் திறந்து, ரீசன்ட்ஸில் (அண்மையில் திறந்த ஆப்களின் வரிசையில்) அதன் ஐகானைத் தட்டி பின் செய்ய வேண்டும். ஐபோனில் இதே வேலையை கைடட் அக்சஸ் செய்கிறது. இரண்டிலுமே பயிற்சித்தாள் பிடிஎஃப்பையும் அகராதி ஆப்பையும் திறக்க முடியாது. அதனால் அன்றைய 15 சொற்களை, பாலைக் காட்டும் டெர், டீ, டாஸ் சேர்த்து முன்கூட்டியே நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

கேமரா கட்டாயம் என்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. கண் திரையில் இருக்கும், எந்தத் திரையில் என்று யாருக்குத் தெரியும்? ஜூம் விண்டோ 30 விநாடிக்கு மேல் பின்னால் போனால் காட்டிக்கொடுக்கும் வசதி ஒன்று இருந்தது. 2020 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் இன்னொரு போனை அதுவும் பார்த்ததில்லை.

பூட்டு எதுவானாலும் சும்மா இருக்கும் நேரத்தை நிரப்பாது. அதற்கு, ஜூமில் வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் பிரேக்அவுட் அறைதான்: அறைக்கு இருவர், 4 நிமிடம், 6 வாக்கியம். ஐந்து பேரைப் போட்டால் இருவர் பேசுவார்கள், மூவர் ரீல்ஸ் பார்ப்பார்கள். பொது வகுப்பில் கேள்வியை முதலில் கேட்டு, மூன்று விநாடி விட்டு, கடைசியில் பெயரைச் சொல்லுங்கள். 20 பேர் வகுப்பில் பெயர் முதலில் வந்தால் மற்ற 19 பேருக்கும் விடுமுறை.

இதிலும் ஒரு சிக்கல். 20 பேர் என்றால் 10 அறை. ஆசிரியருக்கு அறைக்கு 24 விநாடிதான். பிழை திருத்த அது போதாது. எனவே திரும்பி வந்ததும் ஜோடிக்கு ஒரு வாக்கியம் சாட்டில் தட்டச்சு செய்யட்டும். 'இப்போ' என்று சொல்லும்வரை யாரும் அனுப்பக் கூடாது. அடுத்தவர் விடையைப் பார்த்து எழுத வழியில்லை. டென், டெம் (வேற்றுமைக்கேற்ப டெர் மாறும் வடிவங்கள்) குழப்பம் பத்து வரியில் தெரிந்துவிடும்.