பேரிங் வைத்த பிவிசி ஸ்கிப்பிங் கயிறு: கையைக் கடிக்காத ஒரு கருவியின் மதிப்புரை

உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாதச் சந்தா கட்ட வழியில்லை, பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கிப் போட வீட்டில் இடமும் இல்லை, ஆனாலும் எடை குறைய வேண்டும், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும் நிலை மாற வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு முதலில் எதை வாங்கச் சொல்வீர்கள் என்று கேட்டால், நான் சொல்வது ஸ்கிப்பிங் கயிற்றைத்தான். அதிலும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிவிசி கயிறும், உள்ளே பேரிங் பொருத்திய பிளாஸ்டிக் கைப்பிடிகளும் கொண்ட, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சாதாரண வகையைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். எத்தனையோ பெயர்களில் விற்கப்பட்டாலும் இந்த வகையின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே என்பதால், எந்த நிறுவனத்துடையது என்பதைவிட எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து வாங்குவதே முக்கியம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுக்கும் காசுக்கு இதைவிட அதிகமாக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுக்கும் கருவி வேறில்லை. ஆனால் இது உடலை வலுவாக்கும் வேகத்தில் எடையைக் குறைக்காது, அதை எதிர்பார்த்து வாங்குபவர்கள் சில வாரங்களிலேயே மனம் தளர்ந்து மூலையில் போட்டுவிடுவார்கள்.

கைப்பிடியின் நுனியில் கயிறு நுழையும் இடத்தை முதலில் பாருங்கள். பேரிங் இல்லாத மலிவான வகையில் கயிறு ஒரு துளை வழியாக உள்ளே போய் வெறும் முடிச்சில் நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் கயிறு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கு சேர்ந்துகொண்டே போய், சற்று நேரத்தில் கயிறு வளைவாகச் சுழலாமல் நெளிந்து காலில் மாட்டும். தனக்குத் தாண்ட வரவில்லை என்று பலர் விட்டுவிடுவதற்கு உண்மையான காரணம் இந்த முறுக்குதான். பேரிங் உள்ள கைப்பிடியில் நுனிப்பகுதி தனியாகச் சுழல்வதால் கயிற்றில் முறுக்கு ஏறுவதில்லை. கடையில் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கயிற்றை விரலால் சுண்டிவிட்டால், அது தடையின்றிச் சில சுற்றுகள் சுழன்று நிற்க வேண்டும். இரண்டு கைப்பிடிகளையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் ஒன்று நன்றாகச் சுழன்று மற்றொன்று இறுகியிருப்பதும் உண்டு. கைப்பிடியைச் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்ச் உறை முதலில் மெத்தென்று இருந்தாலும் வியர்வையில் ஊறி நாளடைவில் பிய்ந்துவிடும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக் பிடியே நீண்ட நாள் உழைக்கும்.

பெட்டியில் சுருட்டி வைக்கப்பட்டிருந்த பிவிசி கயிறு புதிதாக எடுக்கும்போது சுருள் சுருளாகவே நிற்கும். அதைக் குறை என்று எண்ணித் திருப்பித் தர வேண்டியதில்லை. கைப்பிடிகளை வெளியே விட்டுக் கயிற்றை மட்டும் சில நிமிடம் சூடான நீரில் போட்டு எடுத்து, நடுவில் சிறிது எடை கட்டித் தொங்கவிட்டால் நேராகிவிடும்.

இந்தக் கருவியில் பயன் முழுவதையும் தீர்மானிப்பது நீளம்தான். கயிற்றின் நடுவை ஒரு காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கைப்பிடிகளையும் உடலோடு ஒட்டி மேலே இழுத்தால், அவற்றின் நுனி அக்குள் உயரத்துக்கு வர வேண்டும். நன்றாகப் பழகியபின் நெஞ்சளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். நீளம் அதிகமாக இருந்தால் கயிறு தரையில் இழுபடும், அதைத் தவிர்க்கக் கைகள் தாமாகவே அகன்று விரியும், தோள்கள் வலிக்கத் தொடங்கும். குறைவாக இருந்தாலோ உடலைக் குறுக்கிக்கொண்டு, முழங்காலை மடக்கி உயரமாகக் குதிக்க நேரிடும், அப்போது முழங்காலுக்கு வரும் அடி கூடும். சரிசெய்யும் முறை எளிது. கைப்பிடிக்குள் இருக்கும் நெகிழித் தடுப்பைக் கயிற்றில் மேலே தள்ளி, மிச்சக் கயிற்றைக் கைப்பிடிக்குள்ளேயே விட்டுவிடலாம். வாங்கிய அன்றே அளந்து வெட்டிவிடாதீர்கள்; சில வாரம் பழகிய பிறகு எந்த நீளம் கைக்கு வருகிறதோ அதைப் பார்த்து வெட்டினால் போதும்.

மற்ற வகைகளையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் உறையிட்ட மெல்லிய எஃகுக் கம்பிக் கயிறு வேகப் போட்டிக்கு ஏற்றது. அது மிக லேசாக இருப்பதால் எங்கே சுழல்கிறது என்பது கைக்குத் தெரியாது, தவறிக் கெண்டைக்காலில் பட்டால் சுரீரென்று வலிக்கும், புதிதாகத் தொடங்குபவருக்கு அது வேண்டாம். பருத்திக் கயிறு காற்றில் தொய்ந்து வேகம் இழக்கும். பிளாஸ்டிக் மணிகள் கோத்த கயிறு நல்ல கனத்தோடு சுழலும், தரையில் படும் சத்தமே தாளமாக உதவும், முரட்டுத் தரையிலும் தாங்கும். கிடைத்தால் அதை வாங்குவதிலும் தவறில்லை. தாண்டிய எண்ணிக்கையையும் செலவான கலோரியையும் காட்டும் டிஜிட்டல் கைப்பிடிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அது எண்ணுவது கைப்பிடியின் சுழற்சியை மட்டுமே; நீங்கள் பதிவு செய்த எடையையும் அந்தச் சுழற்சியையும் வைத்து ஒரு மதிப்பீட்டைக் காட்டுகிறது, உங்கள் இதயத் துடிப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

இனி எடைக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் விளம்பரங்கள் மிகையாகப் பேசுகின்றன. உடல் சும்மா இருக்கும்போது செலவாகும் ஆற்றலைப்போல் ஒரு செயலுக்கு எத்தனை மடங்கு செலவாகிறது என்பதை மெட் என்ற அலகால் குறிப்பார்கள். நிமிடத்துக்கு 100-க்கும் குறைவான தாண்டல்கள் என்ற மெதுவான வேகத்துக்கே பல்வேறு செயல்களின் மெட் மதிப்புகளைப் பட்டியலிடும் 2011-ஆம் ஆண்டின் உடற்செயல் தொகுப்பேடு 8.8 மெட் என்ற மதிப்பைத் தருகிறது, மணிக்கு 5.6 கிலோமீட்டர் வேகத்தில் விறுவிறுப்பாக நடப்பதற்கு அது 4.3 மட்டுமே. அதாவது 70 கிலோ எடையுள்ள ஒருவர் 10 நிமிடம் இடைவிடாது தாண்டினால் ஏறத்தாழ 100 கலோரி செலவாகும், அதே செலவுக்கு அவர் 20 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். நேரமும் இடமும் குறைவாக உள்ளவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் ஆற்றலைக் கழித்தால் அந்த 10 நிமிடத்தில் நிகரமாகக் கிடைப்பது 90 கலோரி அளவுதான். வேறு எதையும் மாற்றாமல் தினமும் 10 நிமிடம் தாண்டுபவருக்கு ஒரு கிலோ குறைய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும் என்பதே நேர்மையான கணக்கு. பயிற்சி முடிந்த களைப்பில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகச் சாப்பிட்டால் அந்த லாபமும் போய்விடும். ஆகவே எடை குறைய வேண்டுமென்றால் உணவின் அளவைக் குறைக்கத்தான் வேண்டும். அதற்குக் காசு செலவில்லை என்பதோடு, சில சமயம் மிச்சமும் ஆகும். அந்தக் குறைப்போடு கயிறும் சேரும்போதுதான் இரண்டும் பலன் தருகின்றன.

10 நிமிடம் கயிறு தாண்டினால் 30 நிமிடம் ஓடியதற்குச் சமம் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1968-இல் கல்லூரி மாணவர்களை வைத்து வெளியான ஓர் ஆய்வு அதற்கு அடிப்படை. அதில் ஒப்பிடப்பட்டது இதயத்தின் திறன், எடை இழப்பு அல்ல, பங்கேற்றவர்களும் இளைஞர்கள். இதயம் வலுப்பெறுவதற்கு அது நல்ல செய்திதான் என்றாலும், அதைக் கலோரிக் கணக்காக மாற்றி விற்பது சரியல்ல.

இதயத்தைப் பொறுத்தவரை கயிறு தன் பெயரைக் காப்பாற்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான செயல்பாடோ, 75 முதல் 150 நிமிடம் தீவிரமான செயல்பாடோ செய்ய வேண்டும் என்கிறது. கயிறு தாண்டுதல் தீவிர வகையைச் சேர்ந்தது என்பதால், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 15 நிமிடம் என்ற அளவிலேயே அந்தக் குறைந்தபட்சம் நிறைவேறிவிடும். பலன் தெரிகிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல் மணிக்கட்டில் ஒரு நிமிடம் நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள், இடுப்பை ஒரு சாதாரண அளவு நாடாவால் அளந்து வையுங்கள். பழகாத தசைகள் பயிற்சியின் தொடக்கத்தில் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் எடை இயந்திரம் முதல் வாரங்களில் நகராமலே இருக்கலாம். அந்த நேரத்தில் நாடியும் இடுப்பளவும்தான் உண்மையைச் சொல்லும்.

ஆனால் முதல் நாளே 15 நிமிடம் யாராலும் முடியாது, முயலவும் கூடாது. 20 விநாடி தாண்டி 40 விநாடி ஓய்வெடுப்பது என்று ஐந்து நிமிடத்தில் தொடங்கி, மூச்சும் கணுக்காலும் ஒத்துழைக்கும்போது ஓய்வைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே பாதுகாப்பான வழி. (ஓய்வு நிமிடங்களில் செலவாகும் கலோரி குறைவு என்பதால் மேலே சொன்ன கணக்கும் அதற்கேற்பச் சுருங்கும்.) குதிக்கும் உயரம் கயிறு நுழையும் அளவுக்கு, அதாவது ஓரிரு அங்குலம் இருந்தால் போதும். முன்பாதத்தில் இறங்கி, முழங்காலை லேசாகத் தளர்த்தி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டால் மட்டும் சுழற்ற வேண்டும். தோளிலிருந்து கையை வீசிச் சுழற்றுபவர்கள் பயிற்சி முடிவதற்கு முன்பே களைத்துவிடுவார்கள். முதல் வாரத்தில் கெண்டைக்கால் நிச்சயம் வலிக்கும். ஆனால் முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பின் உட்புறத்தில் குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் வலி எடுத்தால் அது வெறும் தசைவலி அல்ல, பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

இந்தக் கருவியைப் புகழும் பலரும் சொல்லாமல் விடுவது, எடை அதிகம் உள்ளவர்களுக்கே இது கடினமானது என்பதை. ஒவ்வொரு முறை தரையில் இறங்கும்போதும் கால்கள் தாங்கும் விசை உடல் எடையைவிட அதிகம். உடல் பருமன் மிகுந்தவர்கள், முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதைக் கையில் எடுக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு குதிக்கும்போது சிறுநீர் கசிவது பல பெண்களுக்கு நேர்வது. அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் வலுப்பெறும்வரை கயிற்றைத் தள்ளிவைத்து அதற்கான பயிற்சியைச் செய்வது நல்லது. இவர்கள் எல்லோருக்கும் நடையே சிறந்த தொடக்கம், அதற்கு ஒரு காசும் ஆகாது. சில மாதம் நடந்து, எடையும் ஓரளவு இறங்கிய பிறகு, கயிறு இல்லாமல் கையை மட்டும் சுழற்றிக்கொண்டு ஒரு காலை மாற்றி ஒரு காலை வைக்கும் பயிற்சியிலிருந்து தொடங்கலாம். தரையும் முக்கியம்: மரப்பலகைத் தரையோ ரப்பர் விரிப்போ அடியை உள்வாங்கும், வெறும் சிமெண்ட்டுத் தரை அதை அப்படியே காலுக்குத் திருப்பித் தரும். செலவைக் குறைப்பதற்காக வெறுங்காலோடு சிமெண்ட்டில் தாண்டுவதைவிட, பணத்தைக் கயிற்றில் மிச்சம்பிடித்து அடிப்பகுதி தடித்த ஒரு ஜோடி காலணிக்குச் செலவிடுவதே புத்திசாலித்தனம்.

இன்னொரு குறையும் உண்டு. கயிறு கால்களுக்கும் மூச்சுக்கும் வேலை கொடுக்கிறதே தவிர, நெஞ்சு, முதுகு, கைகளின் தசைகளுக்குப் போதிய சுமை தருவதில்லை. உணவைக் குறைத்து எடை இழக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. முன் சொன்ன வழிகாட்டுதலே வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்கிறது. தண்டால், உட்கார்ந்தெழுதல், முழங்கைகளை ஊன்றி உடலை நேராகத் தாங்கி நிற்கும் பிளாங்க் ஆகியவற்றுக்குத் தரை மட்டுமே போதும், கயிற்றுப் பயிற்சியின் ஓய்வு நாள்களில் அவற்றைச் செய்யலாம்.

உழைப்பைப் பொறுத்தவரை, வழவழப்பான தரையில் பயன்படுத்தப்படும் பிவிசி கயிறு நெடுநாள் தாங்கும்; சொரசொரப்பான சிமெண்ட்டில் அதன் நடுப்பகுதி வேகமாகத் தேய்ந்து தட்டையாகும். வெயிலில் தொங்கவிட்டால் பிவிசி இறுகி விறைத்து, கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் முதலில் வெடிக்கும். நிழலில், மடிப்பு விழாமல் ஆணியில் மாட்டி வைத்தால் அந்தச் சேதம் வராது. நடுப்பகுதி தேய்ந்துவிட்டால் கயிறு எந்த நேரமும் அறுந்து முகத்தில் அடிக்கலாம் என்பதால் அதற்குமேல் பயன்படுத்தக் கூடாது. அப்போது மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டியதில்லை, கைப்பிடியின் மூடி திருகி வைத்ததாக இருந்தால் அதைத் திறந்து புதுக் கயிற்றை மட்டும் கோத்துக்கொள்ளலாம். ஒட்டி மூடிய கைப்பிடியில் அது முடியாது, எனவே வாங்கும்போதே அந்த மூடியைத் திருகிப் பார்த்துவிடுங்கள்.