வன்னியில் வான் வீடு: டொல்பினா, எவ்ரியா, பட்டாவா?

வண்டியிலேயே படுத்துறங்கிப் பயணம் போவது வன்னி மக்களுக்குப் புதிய பழக்கம் அன்று. ஓகஸ்ட் மாத மடுத் திருவிழாவுக்கும், வைகாசி விசாகத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கும் போகிறவர்கள் வானின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பாய் விரிப்பதும், உழவு இயந்திரப் பெட்டியின் மேல் படங்கு கட்டி இராத்தங்குவதும் நெடுநாள் வழக்கம். அந்த ஏற்பாட்டையே கட்டில், சமையலிடம், மின்விசிறி, விளக்கு என்று நிலையாக அமைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக, டொல்பின் எனப்படும் டொயோட்டா ஹயஸ் வான், சுசுகி எவ்ரி என்னும் சிறு வான், டிமோ பட்டா என்னும் சிறு லொறி ஆகியவற்றின் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அவை சூட்டை உள்ளே காப்பதைப் பற்றியே பேசுகின்றன. பங்குனியிலிருந்து புரட்டாதி வரை வெயில் காயும் எங்கள் மண்ணில் சூட்டை வெளியே தள்ளுவதுதான் முதல் வேலை. ஆகவே வண்டியைத் தெரிவதிலிருந்து பற்றரியை வைக்கும் இடம் வரை எல்லாவற்றையும் வெப்பம், கிறவல் வீதி, பக்கத்துக் கராஜில் திருத்தும் வசதி ஆகிய மூன்றையும் கொண்டே எடைபோடுகிறேன். இடவசதி அவற்றுக்குப் பிறகுதான்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வான்களின் விலை ஏறிவிட்டதால், முப்பது வயதுடைய டொல்பின்கூட இன்று இலேசான விலைக்குக் கிடைப்பதில்லை. வண்டிக்கே இவ்வளவு போகிற நிலையில், உள்வேலைக்கு ஒதுக்கும் பணம் எங்கே போக வேண்டும் என்பதில் கண்டிப்பு வேண்டும்.

எங்கள் ஊர்களில் டொல்பின் என்று அழைக்கப்படும் டொயோட்டா ஹயஸ் எல்.எச். 113 இனையும், அதற்குப் பின் வந்த கே.டி.எச். இனையும் முதலில் பார்ப்போம். இரண்டிலும் முன்னிருக்கைகளுக்குப் பின்னால் இருக்கைகளை எடுத்துவிட்டால், நீண்ட உடலுடையவற்றில் ஏறத்தாழ 3 மீற்றர் நீளமும் 1.5 மீற்றர் அகலமும் கிடைக்கும். நீளவாக்கில் ஆறடிக் கட்டிலும், அதன் காலடியில் மூன்றடிச் சமையல் மேசையும் இதில் அடங்கும். குறுக்குவாக்கில் கட்டில் போட நினைப்பவர்கள் முதலில் தமது உயரத்தை அளந்து பார்க்க வேண்டும், 1.5 மீற்றரில் வளர்ந்த ஆள் கால் நீட்டிப் படுக்க முடியாது. சாதாரணக் கூரையுள்ள வானில் நிமிர்ந்து நிற்கவும் முடியாது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடையில் என் தெரிவு டொல்பின்தான். அதன் 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சினில் எரிபொருளைச் செலுத்துவது இயந்திரப் பம்பு. மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ நின்றுவிட்டாலும் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் ஸ்பானர்களைக் கொண்டே பெரும்பாலான கோளாறுகளைச் சரிசெய்துவிடுவார். கே.டி.எச். இன் எஞ்சின் வலுவானது, ஓட்டமும் மென்மையானது. ஆனால் அதன் உயரழுத்த இன்ஜெக்டர்கள் தண்ணீரோ அழுக்கோ கலந்த டீசலைத் தாங்குவதில்லை, கோளாறைக் கண்டுபிடிக்கக் கணினி பொருத்திப் பார்க்கும் இடத்துக்குப் போக வேண்டியும் வரும். ஏ9 வீதியை விட்டு விலகாதவர்களுக்கு அது பெரிய குறையல்ல. உட்கிராமங்களில் நாள்கணக்கில் திரிய விரும்புகிறவர்களுக்கு அது குறைதான்.

டொல்பினை வாங்கும் முன் பார்க்க வேண்டியது துரு. பக்கக் கதவை முழுதாகத் திறந்து, படியின் மேல் ஒட்டியிருக்கும் றப்பர் விரிப்பின் ஓரத்தை நகத்தால் உரித்துப் பார்க்க வேண்டும். அடியில் தகரம் செதில் செதிலாகக் கழன்றால், அதற்கு மேலே பூசியிருக்கும் புதுப் பெயின்றை நம்பக் கூடாது. அடுத்து, கூரையைச் சுற்றி மழைநீர் ஓடும் பீலிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே பசை வெடித்திருந்தால், மாரியில் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி நீங்கள் அடிக்கும் பலகைகளின் பின்னால் தங்கி நிற்கும். உட்சுவர் அடித்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

சுசுகி எவ்ரி தனியாளுக்கு உரியது. ஜப்பானின் சிறுவாகனச் சட்டத்துக்குள் செய்யப்பட்ட வண்டி என்பதால் நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் எஞ்சின் 660 சி.சி. யையும் தாண்டுவதில்லை. பின்னிருக்கையை மடித்தால் ஏறத்தாழ 1.9 மீற்றர் நீளமான தளம் கிடைப்பது உண்மையிலேயே வியப்புக்குரியது. ஆனால் பாரம் ஏற்றும் அளவு 350 கிலோ மட்டுமே. பலகை, பற்றரி, தண்ணீர், பயணப் பொதி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும் என்பதால், எவ்ரியில் அலுமாரி அடிப்பது தவறான ஆசை. நான்கு சக்கர இழுவையுள்ள எவ்ரிகளும் உள்ளன. முல்லைத்தீவு, நாயாறு போன்ற கடற்கரைகளின் மணலில் பின்சக்கர இழுவை மட்டுமுள்ள ஹயஸ் புதைந்துவிடும் இடத்தில் அவை வெளியேறிவிடும். குளக்கட்டோரப் பாதைகளிலும் காட்டோர ஒழுங்கைகளிலும் திருப்பி எடுப்பதற்கு இதைவிட வசதியான வண்டி இல்லை.

மூன்றாவது தெரிவைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. டிமோ பட்டா என்று எல்லோரும் சொல்லும் சிறு லொறியின் பின்தளம் ஏறத்தாழ ஏழடி நீளமானது. அதன் மேல் மீன் ஏற்றும் கூலர் பெட்டி செய்பவர்களிடம் கொடுத்து, இரு தகடுகளுக்கு நடுவே நுரை நிரப்பிய சுவர்களால் ஒரு பெட்டி அமைத்துக்கொண்டால், வெப்பத் தடுப்பில் மற்ற இரண்டும் அதற்கு நிகராகா. சுவர்கள் நேரானவை, வளைந்த வான் தகரத்துக்குப் பலகையை வெட்டிப் பொருத்தும் தலைவலி கிடையாது. எஞ்சின் முன்னால் சாரதி அறையின் கீழே இருப்பதால், படுக்கும் இடத்துக்கு அதன் சூடு வருவதுமில்லை. குறைகளோ பாரதூரமானவை. சாரதி அறையிலிருந்து படுக்கைக்கு இறங்காமல் போக முடியாது; இரவில் அவசரமாகப் புறப்பட வேண்டி வந்தால் வெளியே இறங்கித்தான் ஆக வேண்டும். நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்குப் பெட்டியைக் கட்டினால், பூநகரி வழியாகச் சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறும்போது சோளகக் காற்று பக்கவாட்டில் அடிக்கும் அடியில் வண்டி தள்ளாடும். ஓடும்போது பெட்டிக்குள் ஆட்களை இருத்துவது சட்டத்துக்கும் புறம்பு, உயிருக்கும் ஆபத்து. குடும்பமாகப் போகிறவர்கள் இதை மறந்துவிடலாம்.

வெப்பத்தைத் தடுக்கும் பொருள்களில்தான் பணம் அதிகம் வீணாகிறது. றெஜிபோம் மலிவானது, எங்கும் கிடைப்பது, ஈரம் பெரிதாக உறிஞ்சாது. ஆனால் அதிர்வில் தகரத்தோடு உரசிக் கீச்சிடும், தீப்பற்றினால் நச்சுப் புகை கக்கும், வளைவுகளுக்குப் பொருந்தாது. கண்ணாடிப் பஞ்சு வளைவுகளுக்குள் நன்றாக நிறையும். ஆனால் மாரியின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு தகரத்தை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். மூடிய கண்ணறைகள் கொண்ட றப்பர் நுரை விரிப்பு விலை கூடியதாயினும், தண்ணீர் புகாது, நேரடியாகத் தகரத்தில் ஒட்டலாம். கூரைக்கு மட்டுமாவது அதையே போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெள்ளித் தாள் விரிப்பைப் பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே இடைவெளியில்லாமல் நெருக்கி ஒட்டுவதில் பயனில்லை. அதன் முன்னால் காற்று நிற்கும் இடைவெளி இருந்தால்தான் அது வெப்பக்கதிரைத் திருப்பியனுப்பும்.

ஆயினும் எந்த நுரையும் வெப்பத்தைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்திவிடாது. பகல் முழுவதும் வெயிலில் நின்ற வான், நன்றாக மூடப்பட்டிருந்தால், இரவில் வெளியே குளிர்ந்த பிறகும் உள்ளே புழுங்கிக்கொண்டே இருக்கும். ஹயஸிலும் எவ்ரியிலும் எஞ்சின் முன்னிருக்கைகளின் கீழே இருப்பதால், நெடுந்தூரம் ஓடி நிறுத்திய பின் அதன் சூடும் சேர்ந்து உள்ளே ஏறும். எனவே தடுப்புப் பொருளுக்குச் செலவிடும் தொகையில் பாதியைக் காற்றோட்டத்துக்கு மாற்றுவது நல்லது. கூரையில் துளையிட்டுப் பொருத்தும் விசிறி உட்காற்றை மேலே இழுத்து வெளியேற்றும். பக்க யன்னலை நுளம்புவலையோடு சற்றுத் திறந்துவைத்தால் கீழிருந்து புதுக் காற்று வரும். கூரையை வெட்ட அஞ்சுகிறவர்கள் பின்யன்னலில் சிறு விசிறியைப் பொருத்தலாம். மழை ஒழுக்கு அச்சம் குறைவு, ஆனால் மேலே தேங்கும் சூடான காற்று அங்கேயே தேங்கும். வெட்டுவதானால், வெட்டிய விளிம்பில் துருத்தடுப்புப் பூசாமல் விசிறியை இறக்கக் கூடாது.

சோலர் தகட்டைக் கூரையோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டுவதால் இரட்டைப் பயன் உண்டு. தகடு சூடேறினால் அதன் மின்விளைவு குறையும். அடியில் காற்று ஓடினால் அந்த இழப்பும் குறையும், தகட்டின் நிழல் கூரைக்கும் கிடைக்கும்.

200 வாற் தகடு, நல்ல வெயில் நாளில் இழப்புகள் போக ஏறத்தாழ 700 வாற்-மணி தரும் என்று கணக்கிடலாம். விசிறி, விளக்கு, கைப்பேசி ஆகியவற்றுக்கு ஓரிரவுக்கு 300 போதும். 12 வோல்ற் குளிர்பெட்டி சேர்ந்தால் இந்தச் சூட்டில் மேலும் 600 அளவு வேண்டும். அதாவது தகடு மட்டும் போதாது, ஓட்டத்தில் எஞ்சினிலிருந்தும் பற்றரிக்கு மின் ஏற்ற வேண்டும். ஆகவே குளிர்பெட்டியா, ஐஸ் நிரப்பிய றெஜிபோம் பெட்டியா என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே பற்றரியைத் தெரிய வேண்டும். குளிர்பெட்டி இல்லையெனில் 100 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி போதும். அதன் 1,200 வாற்-மணியில் பாதியை மட்டுமே எடுப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. குளிர்பெட்டி வேண்டுமெனில் லித்தியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரியே பொருத்தம். அதே கொள்ளளவில் எடை பாதியிலும் குறைவு, மின்னில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம், ஆயிரக்கணக்கான சுற்றுகள் தாங்கும். எந்த வகையானாலும் வெப்பம் பற்றரியின் எதிரி. ஈய அமிலப் பற்றரி 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதி ஆயுளை இழக்கும் என்பது பொது விதி. ஆகவே எஞ்சின் மூடிக்கு அருகிலோ, வெயில் படும் பக்கச் சுவரிலோ பற்றரியை வைக்காமல், கட்டிலின் அடியில் பின்பக்கமாக, காற்றுப் படும்படி வைக்க வேண்டும். பற்றரியை ஒட்டி ஒரு பியூஸ் போடாமல் வயரை இழுக்கவே கூடாது.

எஞ்சினை இரவு முழுவதும் ஓடவிட்டு ஏ.சி. யில் தூங்கலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரே பதில்தான்: கூடாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

சமையலுக்கு மின்னடுப்பு இந்த அளவு பற்றரியால் இயலாதது. 2.3 கிலோ அல்லது 5 கிலோ காஸ் சிலிண்டரே நடைமுறைக்கு உகந்தது. காஸ் காற்றைவிடப் பாரமானது என்பதால் சிலிண்டர் நிற்கும் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை ஒன்று கட்டாயம் வேண்டும். அடுப்பைப் பின்கதவின் அடியில் வைத்து, கதவையே கூரையாக்கி வெளியே நின்று சமைப்பது உள்ளே சமைப்பதைவிட எல்லா வகையிலும் மேல். தண்ணீருக்கு 20 லீற்றர் கான்கள் இரண்டு போதும். நிலையான தொட்டியும் பம்பும் வேண்டாத பாரம்.

எங்கே நிறுத்துவது என்பதும் வண்டித் தெரிவோடு சேர்ந்ததே. காட்டோரக் குளங்களின் கரை அழகானது. யானை இறங்கும் வழியும் அதுதான். மிதிவெடி அகற்றும் பணி முடியாத நிலங்கள் இன்னும் இருப்பதால், எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் வீதியை விட்டு ஒரு சக்கரமும் இறங்கக் கூடாது. அனுமதி கேட்டுக் கோயில் வளவிலோ தெரிந்தவர் வளவிலோ நிறுத்துவதே வழி. அப்படிப்பட்ட ஒழுங்கைகளுக்குள் நுழைய எவ்ரியும் டொல்பினும் பட்டாப் பெட்டியைவிட இலகுவானவை, ஏனெனில் தாழ்ந்து தொங்கும் மாங்கொப்பும் மின்கம்பியும் உயரமான பெட்டியை உரசும்.

கடைசியாகச் சட்டம். பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்ட உடலமைப்போ இருக்கை எண்ணிக்கையோ நிலையாக மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி பெற வேண்டும். ஆட்களையும் பொருள்களையும் ஏற்றும் இரட்டைப் பயன்பாட்டு வாகனமாகப் பதிந்த வானை மாற்றும்போது கட்டிலைத் தரையோடு வெல்டிங் செய்யாமல், இருக்கைகள் நின்ற அதே துளைகளில் போல்ட் போட்டு இறுக்கினால், ஓட்டத்திலும் அசையாது. தேவைப்பட்டால் ஒரு மாலைக்குள் இருக்கைகளைத் திரும்பப் பூட்டிவிடலாம். கழற்றிய இருக்கைகளையும் அவற்றின் போல்ட்டுகளையும் விற்றுவிடாமல் வைத்திருங்கள்.