ஒரு கை மட்டும் வீங்கினால்: அல்ட்ராசவுண்டா, இரத்தப் பரிசோதனையா, சிரி (CT) ஸ்கானா?

ஒரு கை மட்டும் வீங்கினால், உள்ளே ஆழத்தில் ஓடும் நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம். இப்படி ஆழ்நாளங்களில் இரத்தம் கட்டுவதென்றால் பெரும்பாலும் கால்தான். கையில் கட்டுவது 10 வீதத்தையும் தாண்டாது. ஆனாலும் வன்னியில் இதை அசட்டை செய்ய முடியாது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களைப் பிடித்திருக்கிறது. டயலிசிசுக்காகக் கழுத்து வழியாக நாளத்தில் போடும் குழாய், கையிலும் கழுத்திலும் இரத்தம் கட்டுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. புற்றுநோயும் பேஸ்மேக்கர் வயரும் அடுத்தவை. தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கடுமையாக உழைக்கும் இளம் ஆட்களுக்கும் இது வருவதுண்டு.

டி-டைமர் (கட்டிய இரத்தம் கரையும்போது உண்டாகும் பொருளை அளப்பது) இரத்தப் பரிசோதனை இலகுவானது. சந்தேகம் குறைவாக உள்ளவருக்கு அது சாதாரணமாக வந்தால் மனம் ஆறலாம். கூடி வந்தால் ஒன்றும் சொல்ல ஏலாது. கிருமித்தொற்று, சத்திரசிகிச்சை, கர்ப்பம், புற்றுநோய் எல்லாமே அதைக் கூட்டும். குழாய் போட்டவருக்கு அதை நம்பி இருப்பது வீண்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் ஊசி இல்லை, கதிர் இல்லை, சிறுநீரகத்துக்குக் கேடும் இல்லை. கட்டிலை விட்டு எழும்ப முடியாதவருக்கும் செய்யலாம். கருவியால் மெல்ல அமர்த்தும்போது நல்ல நாளம் முழுதாக ஒட்டிவிடும். உள்ளே இரத்தக் கட்டி இருந்தால் ஒட்டாது. 2010இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்றின்படி, இந்த அமர்த்திப் பார்க்கும் முறை கட்டி உள்ளவர்களில் 97 வீதமானோரைக் கண்டுபிடித்தது. இல்லாதவர்களில் 96 வீதமானோரைச் சரியாக விலக்கியது. அந்த ஆய்வுகள் சிறியவை என்பதையும் சொல்ல வேண்டும்.

சிக்கல் காறை எலும்பில்தான். அதற்குக் கீழே போகும் நாளத்தை அமர்த்த எலும்பு விடாது. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள பெரிய நாளங்கள் சரியாகத் தெரியவும் மாட்டா. டொப்ளரில் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் முறை) இரத்த ஓட்டம் மூச்சோடு ஏறி இறங்குகிறதா, சட்டென்று மூக்கால் உறிஞ்சும்போது நாளம் சுருங்குகிறதா, மற்றக் கையிலும் அப்படித்தானா என்று பார்த்து ஊகிக்க வேண்டும். ஸ்கான் செய்பவரின் கைப்பழக்கத்தில் நிறையத் தங்கியிருக்கிறது. டயலிசிஸ் குழாயால் வரும் கட்டி மறைந்திருக்கக்கூடிய இடமும் இதுவே.

அந்த இடத்தைக் காட்டுவது சிரி ஸ்கான். ஆனால் அதற்குச் சாய மருந்தும் கதிரும் வேண்டும். சிறுநீரகம் அரைகுறையாக வேலை செய்பவருக்குச் சாய மருந்து கொடுக்கமுன் வைத்தியர் இரண்டு முறை யோசிப்பார். வீங்கிய கையிலேயே ஊசி ஏற்றி எடுக்கும் நாளப் படம் ஒருகாலத்தில் இறுதித் தீர்ப்பாக இருந்தது, இப்போது அரிது.

என் தெரிவு அல்ட்ராசவுண்ட், அதுவும் முதலில். துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ இருந்து பஸ் ஏறி வரும் ஒருவரை, சிறுநீரகத்தைப் பணயம் வைத்து நேரே சிரிக்கு அனுப்ப நியாயமில்லை. ஆனால் ஸ்கான் சுத்தம் என்று வந்தும் வீக்கம் வற்றாவிட்டால் விடயம் முடியவில்லை. காறை எலும்புக்குக் கீழே பார்த்தார்களா, கழுத்தையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். சில நாட்களில் திரும்பச் செய்யவோ சிரி எடுக்கவோ வேண்டிவரலாம். முன்பு எந்தப் பக்கம் குழாய் போட்டது என்பதை ஸ்கான் அறையில் நீங்களாகவே சொல்லுங்கள். கை வீக்கத்தோடு மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.