மூன்றரை வெள்ளிப் பட்டை: பட்டைக்கு நாலு ஸ்டார், கடைக்கு ரெண்டு

கர்ப்பம் பார்க்கும் பட்டைக்கு யாரும் ரிவ்யூ எழுதி நான் பார்த்ததில்லை, வாங்குவதையே பாதிப் பேர் ஒளித்துத்தான் வாங்குகிறோம், அதனால் நானே எழுதிவிடுகிறேன். ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-லேயே பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றிவிட்டார்கள், எங்கள் எஸ்டேட்டில் அதை யார் வாயிலும் கேட்டதில்லை.

டவுனில் ஒரு மருந்துக்கடை, பெயர் வேண்டாம். பட்டை ஒன்று மூன்று வெள்ளி (ரிங்கிட்) ஐம்பது சென், நாலு வாங்கினேன். கல்லாவுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறார்கள், வாய்விட்டுக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது எங்கள் லயத்துப் பெரியம்மா. "யாருக்கும்மா?" என்றார். பனடோல் தலைவலி மாத்திரை வாங்க வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நழுவினேன்.

முதல் பட்டையை அவசரத்தில் வீணாக்கினேன். மாதவிலக்குத் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது, அதுவும் சாயங்காலம், ஒரு பெரிய கப் தேத்தண்ணி குடித்த பிறகு. ஒரே கோடு. குப்பையில் போட்டுவிட்டேன். மறுநாள் காலை குப்பையைக் கட்டும்போது பார்த்தால் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிசாக இன்னொரு கோடு! வீட்டுக்காரரை எழுப்பினேன், அவர் லைட்டுக்கு நேரே பிடித்து, போட்டோ எடுத்து, பெரிசாக்கிப் பார்த்து, அன்றைக்கு அவருக்கு வேலைக்கே லேட். கடைசியில் அது கோடே இல்லை, சிறுநீர் காய்ந்த தடம். மூன்றிலிருந்து ஐந்து நிமிஷத்துக்குள் பார்க்க வேண்டும், பத்து நிமிஷம் தாண்டிவிட்டால் எது தெரிந்தாலும் கணக்கில்லை. நிஜக் கோடு மங்கலாக இருந்தாலும் அதில் நிறம் இருக்கும், என் பட்டையில் ரோஸ். இதெல்லாம் உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கிறது, மலாயில், எறும்பு சைஸ் எழுத்தில்.

சீக்கிரம் பார்த்தால் ஏன் தெரியாது என்றால், கரு கர்ப்பப்பையில் ஒட்டின பிறகுதான் எச்சிஜி என்கிற ஹார்மோன் சுரக்க ஆரம்பிக்கும். முட்டை வெளியாகி அது ஒட்டுவதற்கே ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும். அப்புறம் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை இரட்டிப்பாகிக்கொண்டே போகும். என் பட்டை உறையில் 25 என்று இருந்தது, ஒரு மில்லிலிட்டரில் 25 மில்லி யூனிட் சேர்ந்தால்தான் அதற்குத் தெரியும் என்று அர்த்தம். நான் பண்ணினது உலையில் அரிசியைப் போட்ட கையோடு சோறு வெந்ததா என்று மூடியைத் திறந்தது.

இரண்டாவது பட்டையில் ஒரு கோடுகூட வரவில்லை. சி என்று போட்ட இடத்தில் கட்டாயம் கோடு வரணும், வராவிட்டால் பட்டை கெட்டுப்போனது, உண்டு இல்லை என்று எதுவும் சொல்ல முடியாது. உறையைத் திருப்பிப் பார்த்தேன், ஓரம் பிரிந்திருந்தது. கடைக்குக் கொண்டு போனால் "திறந்ததை மாற்ற மாட்டோம்" என்கிறார்கள். திறக்காமல் எப்படிப் பார்ப்பது? கடைக்கு ரெண்டு ஸ்டார் இதனால்தான்.

இதற்கு நடுவில் உடம்பு வேறு குழப்பியது. மார்பு கனத்து வலித்தது, அடிவயிற்றில் லேசான இழுப்பு, மத்தியானமே தூக்கம் சொக்கியது. இதெல்லாம் எனக்கு மாதா மாதம் வருவதற்கு முன்னாலும் இருக்கும், இரண்டு நேரத்திலும் புரொஜெஸ்டிரோன் ஏறித்தான் இருக்குமாம், அப்புறம் எங்கே பிரித்துப் பார்ப்பது.

அத்தைக்குப் பட்டையெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு மத்தியானம் சம்பலுக்கு பெலாச்சான் என்கிற இறால் விழுதை வாட்டிக்கொண்டிருந்தார், நான் பின்வாசலுக்கு ஓடி குமட்டிக்கொண்டு நின்றேன். செம்பனை மில் வாடையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், எந்த வாடைக்கும் மூக்கைப் பிடித்ததில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்தவர், "முழுகாம இருக்க போல, குளிச்சு எத்தனை நாளாச்சு?" என்றார். குமட்டல் பெரும்பாலும் ஆறாவது வாரம் வாக்கில் வருமாம், எனக்குக் கொஞ்சம் முந்திக்கொண்டது. அத்தை சொன்னது பலித்தது சரி, ஆனால் போன வருஷம் என் ஓரகத்திக்கும் இதேபோல் சொல்லி, அது கேஸ்ட்ரிக் என்று ஆனது.

மூன்றாவது பட்டை: நாள் தள்ளி ஐந்தாம் நாள், விடியற்காலை, எழுந்ததும் போகிற முதல் சிறுநீர். இரண்டு நிமிஷத்திலேயே இரண்டு ரோஸ் கோடு. வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை, கோலசிலாங்கூர் போய் பதினெட்டு வெள்ளிக்குக் குச்சி மாதிரி ஒன்று வாங்கி வந்தார். அதிலும் அதே இரண்டு கோடு. கப் தேவையில்லை, நேராகப் பிடிக்கலாம், அந்த வசதிக்குத்தான் பாக்கிக் காசு.

அரசாங்க கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) மறுபடியும் ஒரு யூபிடி, அதாவது சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் டெஸ்ட், பார்த்துவிட்டு "ஐந்து வாரம்" என்றார். வீட்டுக்காரர் விரலை மடக்கி எண்ணிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்று மிஸ்ஸி சிரித்துக்கொண்டே விளக்கினார். போலிக் எசிட் மாத்திரை தந்தார்கள், கர்ப்பிணிகளுக்கான பிங்க் பதிவுப் புத்தகம் போட்டார்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் போய்ப் பதிந்துகொள்வது நல்லது. இன்னொன்று, கரு எங்கே தங்கியிருக்கிறது என்று பட்டைக்குத் தெரியாது. கோடு வந்த பிறகு ஒரு பக்கமாக வயிறு குத்தி வலித்தாலோ, ரத்தம் பட்டாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, பாட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், கரு குழாயிலும் தங்கலாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாலாவது பட்டை மிச்சம். நாத்தனார் நைசாக வந்து கேட்டாள். உறையின் ஓரத்தை நாலு பக்கமும் தடவிப் பார்த்து, காலாவதி தேதியையும் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.