டிரான்ஸ்மிட்டருக்கு எந்த பவர் சப்ளை: டிரான்ஸ்பார்மரா, எஸ்எம்பிஎஸ்ஸா?

100 வாட் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) செட் முழு பவரில் 13.8 வோல்ட்டில் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். இதைக் கொடுக்க இரண்டு வகை சப்ளை உண்டு: கனமான டிரான்ஸ்பார்மரும் ரெகுலேட்டரும் கொண்ட பழைய வகை; மின்சாரத்தை அதிவேகமாக விட்டு விட்டுச் செலுத்தி வோல்டேஜைக் குறைக்கும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை).

சூடு
டிரான்ஸ்பார்மர்: செட்டுக்கு 276 வாட் கொடுக்க, ஏறக்குறைய அதே அளவைச் சூடாக விரயம் செய்யும். ஈரோட்டுச் சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டில், ஹீட் சிங்க்கைத் தொடவே முடியாது.
எஸ்எம்பிஎஸ்: விரயம் 50 வாட்டுக்குள் அடங்கும். ஆனால் பல்லடம், சோமனூர் பக்கம் தறிப்பஞ்சு ஃபேனை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டியே ஆக வேண்டும்.

இரைச்சல்
டிரான்ஸ்பார்மர்: சுத்தம். மெயின் வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் மட்டும் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் குரலில் ஏறும்.
எஸ்எம்பிஎஸ்: மலிவான சப்ளையில் இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் காயிலையே விட்டுவிடுவார்கள். 7 மெகாஹெர்ட்ஸில் டயலைத் திருப்பினால் சீரான இடைவெளியில் கரகரப்பு வரும்.

குற்றவாளி சப்ளைதானா என்று பார்க்க, அதன் மெயின் சுவிட்சை அணைத்து, செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் போனால் சப்ளைதான். அதை அடக்க, 31 ரகப் பெரைட் (இரைச்சலை உறிஞ்சும் காந்தப் பொருள்) வளையத்தில் ஏசி ஒயரை 8 சுற்று சுற்றுங்கள். இன்னொரு வளையத்தில் டிசி ஒயரின் பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்தே 5 சுற்று. ஒன்றை மட்டும் சுற்றினால் வளையம் நிறைவுற்றுப் பயனற்றுப் போகும். பேசும்போது மட்டும் வோல்டேஜ் துள்ளினால், ஆன்டெனா கேபிளுக்கும் ஒரு சோக் (இதேபோல் பெரைட்டில் சுற்றிய தடுப்பு) வேண்டும்.

எடை
டிரான்ஸ்பார்மர்: 8 கிலோவுக்கு மேல்.
எஸ்எம்பிஎஸ்: சுமார் 2 கிலோ.

தொலைதூர மெல்லிய சிக்னல் கேட்பவருக்கு, காற்றோட்டமான அறை இருந்தால், டிரான்ஸ்பார்மர். வெள்ளியங்கிரி அடிவாரத்துக்கோ ஏற்காட்டுக்கோ செட்டைத் தூக்கிப் போகிறவருக்கு, பெரைட் போட்ட எஸ்எம்பிஎஸ்.